தேர்வுக் கல்லின் எடை

படையில் சேர வருகிறவன் முதலில் கல்லுக்கு வணக்கம் வைக்க வேண்டும். ஆள்சேர்ப்பு அதிகாரிக்கு வணக்கம் அப்புறம்தான். ஏனென்றால் கல் துணைத் தளபதி. அதிகாரி அதற்கு இரண்டு படி கீழே. நூற்றிருபது வருடமாக ஒரு நாள் விடுப்பு எடுக்காமல், ஒரு தடவைகூடப் போர்க்களத்தில் புறமுதுகு காட்டாமல், அதாவது போர்க்களத்துக்கே போகாமல், பணியாற்றியதற்காக அதற்குப் பதவி உயர்வு கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். படையில் இதே முறையில் உயர்ந்தவர்கள் இன்னும் பல பேர் உண்டு. ஆனால் அவர்களைத் தூக்கிப் பார்க்க யாருக்கும் அனுமதி கிடையாது.

கல் என்னவோ சாதாரணக் கருங்கல்தான். பெரிய பூசணிக்காய் ஒன்றைக் கனவில் பார்த்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இருக்கும். ஆள்சேர்ப்புக் கூடத்தின் நடுவில், சிவப்பு மெத்தை மேல், இரண்டு காவலர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். பதிவேட்டின்படி எடை இருநூற்றைம்பது ராத்தல். அதை நெஞ்சுவரை தூக்கி, மூன்று மூச்சு விடும் நேரம் நிறுத்தி, மெத்தை கசங்காமல் திருப்பி வைத்தால் அவன் சிப்பாய். வைக்காவிட்டால் அவன் வீட்டில் அடுத்த ஆண்மகனைக் கூப்பிடுவார்கள்.

இந்த அடுத்த ஆண்மகன் விஷயம்தான் நம் ஆளை வரிசைக்கு வரவைத்தது. எல்லையில் சண்டை தொடங்கி வீட்டுக்கு ஓர் ஆள் என்று உத்தரவு வந்திருந்தது. ஒருவன் தேறிவிட்டால் அந்த வீட்டில் மற்றவர் பெயரை அடித்துவிடுவார்கள். நம் ஆளின் வீட்டில் இரண்டு ஆண்கள். மூத்தவன் அவன். வயது முப்பத்தெட்டு. துறைமுகச் சரக்குக் கிடங்கில் இருபத்திரண்டு வருடமாக மூட்டை தூக்குகிறான், அதனால் ஊரே அவனை மூட்டை என்றுதான் கூப்பிடும். இளையவன் தையல்காரன். பெயர் ஊசி. ஆளும் அப்படித்தான். கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிற தையலை எறும்பின் கால் மாதிரி நுணுக்கமாகப் போடுவான். கைக்கெட்டாத தூரத்தில் இருப்பது மனிதனா மாடா என்பது அவனுக்குத் தெரியாது. அவன் மனைவிக்கு நிறைமாதம்.

தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபோது ஊசிக்கு ஏழு வயது. அவனை வளர்க்கிற அவசரத்தில் மூட்டைக்குத் தன் கல்யாணம் மறந்துபோனது. ஞாபகம் வந்தபோது பெண் கேட்கும் வயது போயிருந்தது. அதைப் பற்றி அவன் யாரிடமும் குறை சொன்னதில்லை.

தேர்வன்று காலையில் ஊசி வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, நானும் இந்த வீட்டு ஆம்பளதானே? எதுக்கு எப்பவும் நீயே போற?"

"நீ போயி என்னடா பண்ணுவ? எதிரி எந்தப் பக்கம் நிக்கிறான்னு யாராவது உன் கையப் புடிச்சுக் காட்டணும். அவன் சட்டைல பொத்தான் இல்லன்னா தச்சுக் குடுத்துட்டு வருவ."

ஊசியின் மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "மாமா, கல்லு ரொம்பக் கனமாமே? போன வருஷம் ஒருத்தருக்கு இடுப்பு போயிடுச்சாம்."

"அத மாதிரி நாப்பது தூக்கிட்டுத்தாம்மா நான் காலைல வாயே கொப்பளிக்கிறேன். நீ உன் வயித்தப் பாரு."

மூட்டையைப் பற்றி ஒரு விஷயம் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அந்தக் கிடங்கில் தராசு மூலையில் தூசி படிந்து கிடக்கும். தூக்குகிறவன் மூட்டையை ஏற்றியதும் எடையை உரக்கச் சொல்ல வேண்டும். கணக்கன் கேட்டு எழுதிக்கொள்வான். சந்தேகம் வந்தால்தான் தராசு. மூட்டை சொன்ன எடையில் இதுவரை யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஒரு தடவை ஒரு வியாபாரி, "என் மூட்டை நூற்றைம்பது, இவன் நூற்று நாற்பத்தாறு என்கிறான்" என்று சண்டைக்கு வந்து, நிறுத்துப் பார்த்து, நூற்று நாற்பத்தாறு என்று தெரிந்து, வந்த வழியே போனார். கனம் கையில் ஏறினால் எண் வாயில் வந்துவிடும். அவனுக்கு அது கொட்டாவி மாதிரி. அடக்க முடியாது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது தவளைகளுக்கு மட்டும் சொன்னதில்லை.

கூடத்தில் முந்நூறு பேர் வரிசையில் நின்றார்கள். அவனுக்கு அடுத்து நின்றவன் கிடங்கில் கூட வேலை செய்கிற சொட்டை. சொட்டைக்கு வீட்டில் வேறு ஆண் இல்லை, தோற்றாலும் கூப்பிட ஆள் கிடையாது. ஆனாலும் சிப்பாய் ஆக ஆசை. தொப்பி போட்டுக்கொள்ளலாம் அல்லவா.

முதல் தேர்வு பல். துப்பாக்கி மருந்துப் பொட்டலத்தைக் கடித்துக் கிழிக்க முன்பல் வேண்டும் என்பது விதி. எழுத்தர் ஒவ்வொருவர் வாயிலும் தலையை விட்டு எண்ணினார். முன்பல் இல்லாத ஒருவனைக் "கடிக்காத பிரிவு" என்று தனியாக உட்காரவைத்தார். அந்தப் பிரிவு என்ன செய்யும் என்று அவன் கேட்டான். "கடிக்காது" என்றார் எழுத்தர்.

அடுத்தது கல். மூட்டை வணக்கம் வைத்தான். காவலர்கள் கல்லின் சார்பில் பதில் வணக்கம் வைத்தார்கள். அவன் குனிந்தான், அணைத்தான், எழுந்தான். கல் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. இடுப்பு போகவில்லை, மூச்சுகூட வாங்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அப்போதுதான் அந்தக் கொட்டாவி வந்தது.

"இருநூத்திப் பத்து!"

எழுத்தரின் பேனா நின்றது. மெத்தைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரி மெதுவாக எழுந்தார்.

"என்ன சொன்ன?"

"எடைங்கய்யா. கைல ஏறினதும் வாய் தானா சொல்லிடும். தப்பா எடுத்துக்காதீங்க."

"கல்லோட எடை இருநூத்தி அம்பது."

"இல்லைங்கய்யா." இந்த இடத்திலாவது அவன் வாயை மூடியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் அவன் எடையை யாரும் மறுத்ததில்லை, ரோஷம் வந்துவிட்டது. "இருநூத்திப் பத்துதான். வேணும்னா ஒரு ராத்தல் முன்னப் பின்ன."

"இந்தக் கல்லை நான் தூக்கியிருக்கேன்" என்றார் அதிகாரி. "எனக்கு முந்தினவர் தூக்கியிருக்கார். இப்போ இருக்கிற பெரிய தளபதி இளவயசுல தூக்கியிருக்கார். இது இருநூத்திப் பத்துன்னா நாங்கல்லாம் யாரு? நாப்பது ராத்தல் கொறஞ்ச அதிகாரிகளா? நாப்பது ராத்தல் கொறஞ்ச தளபதியா? நம்ம படை இதுவரைக்கும் தோத்த ஒம்பது சண்டையும் வீரத்துல தோத்ததுன்னு பாடப் புத்தகத்துல போட்டிருக்கு. அதெல்லாம் பலக்குறைவால தோத்ததுன்னு சொல்றியா?"

"நான் சண்டையப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க. கல்லப் பத்தித்தான் சொன்னேன்." பிறகு, உதவி செய்கிற நினைப்பில், "மேல பாருங்கய்யா, பேரு செதுக்கியிருக்கே. செதுக்கச் செதுக்கக் கல்லு கொறையத்தானே செய்யும்?" என்றான்.

அது உண்மை. புதிதாக வருகிற ஒவ்வொரு பெரிய தளபதியும் முந்தியவர் பெயரை இழைத்து எடுத்துவிட்டுத் தன் பெயரை, கொஞ்சம் ஆழமாக, செதுக்கச் சொல்வது மரபு. இதுவரை பதினேழு தளபதிகள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையைக் கல்லில் எழுதிவைத்திருந்தார்கள்.

"தளபதிகள் பேரு" என்றார் அதிகாரி, "கல்லுக்குக் கனத்தைக் கூட்டும். கொறைக்காது. நீ எதுக்கு இன்னும் அதைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற?"

"வைக்கச் சொல்லலையேய்யா."

மூன்று மூச்சு போதும் என்ற இடத்தில் அவன் அறுபது மூச்சு விட்டிருந்தான். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லாயத்திலிருந்து குதிரைத் தீவனம் நிறுக்கிற தராசைக் கொண்டுவந்தார்கள். துணைத் தளபதியைத் தராசில் ஏற்றலாமா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்து, கல்லுக்குக் கண்ணைக் கட்டி ஏற்றலாம் என்று முடிவானது. துணி கட்டி ஏற்றினார்கள். தராசு இருநூற்றுப் பத்து என்றது. துணியோடு சேர்த்து.

அதிகாரி தராசைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "இருநூத்தி அம்பது ராத்தலை இருநூத்திப் பத்துன்னு காட்டுது. எத்தனை வருஷமா இந்தத் தராசு நம்மை ஏமாத்திக்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். அன்றைக்கே தராசைத் திருத்தினார்கள். அன்று மாலையிலிருந்து குதிரைகளுக்குத் தீவனம் குறைந்தது. குதிரைகள் மனு எதுவும் கொடுக்கவில்லை என்பதால் திருத்தம் சரி என்று கோப்பை முடித்துவிட்டார்கள்.

பிறகு மூட்டையைத் தனியறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அதிகாரியே வேறு ஆளாக இருந்தார். நாற்காலி போடச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"உனக்கு ஒரு தம்பி இருக்கான் போல?"

"ஆமாங்கய்யா. கண்ணு சரியாத் தெரியாது. இன்னிக்கோ நாளைக்கோ அவன் பொண்டாட்டிக்குப் பிரசவம்."

"அடப் பாவமே. எனக்கும் ஒரு தம்பி இருக்கான்" என்றார் அதிகாரி. "கருவூலத்துல போட்டுவிட்டிருக்கேன். தம்பின்னா நெஞ்சு அடிச்சுக்கத்தான் செய்யும். இங்க பாரு. நீ கல்லைத் தூக்கினதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. அந்த எடை விஷயம்தான் வரிசைல நிக்கிறவங்க காதுல விழுந்துபோச்சு. 'எடையை நான் தவறாகச் சொன்னேன்'னு ஒரு வரி எழுதித் தர்றோம், ரேகை வச்சுடு. உன் தம்பி பேரை நானே என் கையால அடிக்கிறேன். இது துணைத் தளபதி மேல சத்தியம்."

எழுத்தர் தாளை வைத்தார். ஒரே ஒரு வரி. இரண்டு தடவை படித்துக் காட்டினார். அதில் சூது ஒன்றும் இல்லை, சொன்னது மட்டும்தான் இருந்தது.

மூட்டைக்கு வலித்தது. அவனுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு பெருமைதான். கைநாட்டு வைக்கிறவன் சொன்னால் கணக்கன் எழுதுவான் என்கிற பெருமை. அதையும் கொடு என்கிறார்கள். கொடுத்தால் ஊசி வீட்டில் இருப்பான், பிறக்கிற பிள்ளை அப்பன் முகத்தைப் பார்க்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கட்டைவிரலை மையில் அமுக்கினான்.

"நான் எப்பங்கய்யா வரணும்?"

"சொல்லி அனுப்புறோம்" என்றார் அதிகாரி, அவன் தோளைத் தட்டி.

அன்று வீட்டுக்கு அவன் ஓடித்தான் போனான். "தூக்கிட்டேன்டா! உன் பேரை அடிச்சாச்சு!" என்று தெருமுனையிலிருந்தே கத்தினான். ஊசி அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். ஊசியின் மனைவி, மூட்டை படைக்குப் போகும்போது கொண்டுபோக ஒரு கம்பளிச் சட்டைக்கு அளவெடுத்தாள். தாள் விஷயத்தை அவன் சொல்லவில்லை. வெற்றிச் சேதியில் அதைச் சொருகுவானேன் என்று விட்டுவிட்டான்.

நான்காம் நாள் காலையில் இரண்டு காவலர்கள் உத்தரவோடு வந்தார்கள். ஊசி அதைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு வாசித்தான்.

"தேர்வுக் கல்லின் எடையைத் தவறாகச் சொன்னதாக மேற்படி மூத்தவர் தாமே ஒப்புக்கொண்டு ரேகை வைத்துள்ளார். கல்லைக் கையில் ஏந்திய எவரும் அதன் எடையைத் தவறாக உணர இடமில்லை. ஆகவே மேற்படி நபர் கல்லை ஏந்தவில்லை என்று தீர்மானிக்கப்படுகிறது. அவ்வீட்டின் அடுத்த ஆண்மகன் உடனடியாக ஆஜராக வேண்டியது. நடந்த சம்பவத்தால் துணைத் தளபதி மனம் நொந்து மூன்று மாத ஓய்வில் இருப்பதால், அதுவரை வருகிறவர்களுக்குத் தேர்வு கிடையாது. அனைவரும் தேறியவர்களே."

ஊசி தலையை நிமிர்த்தினான். "தூக்கிட்டேன்னு சொன்னியே அண்ணே?"

"தூக்கினேன்டா!"

"இதுல தூக்கலன்னு இருக்கே. ரேகை வேற இருக்கு."

"இரு. நான் போயி பேசிட்டு வர்றேன். இதுல ஏதோ தப்பு நடந்துபோச்சு."

தப்பு நடக்கவில்லை. ஆள்சேர்ப்புக் கூடத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. மெத்தை காலியாக இருந்தது. காவலர்கள் மெத்தைக்குக் காவல் நின்றார்கள். பின்கட்டில் உளிச் சத்தம் கேட்டது. பதினெட்டாவது தளபதி பதவியேற்றிருந்தார்.

"ஐயா, நீங்க பார்த்தீங்கல்ல நான் தூக்கினத?" என்று எழுத்தரிடம் கேட்டான்.

"பார்த்தேன்" என்றார் எழுத்தர். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். "ரெண்டு கண்ணால பார்த்தேன். ஆனா நான் பார்த்தது பதிவேட்டுல இல்லையே?"

"எழுதிக்கோங்க!"

"எழுதணும்னா நீ தூக்கியிருக்கணும். நீ தூக்கலன்னு எழுதியிருக்கே."

அதிகாரி அறைக்குள் விழுந்தடித்துக்கொண்டு நுழைந்தான். "ஐயா, சத்தியம் பண்ணீங்களே! தம்பி பேரை அடிக்கிறேன்னு சொன்னீங்களே!"

"அடிக்கத்தான் பேனாவை எடுத்தேன்" என்றார் அதிகாரி வருத்தத்தோடு. "அப்பதான் ஒரு யோசனை வந்துச்சு. எடையைத் தப்பா சொன்னேன்னு எழுதிக் குடுக்கிறவன் ஒண்ணு பொய்யன், இல்லன்னா கல்லைத் தொடாதவன். உன்னைப் பொய்யன்னு எழுத எனக்கு மனசு வரல. அதனால தொடலன்னு எழுதிட்டேன். உன் மானத்தைக் காப்பாத்தியிருக்கேன்யா."

"அப்போ என்னைய எடுத்துக்கோங்க. தம்பிய விட்டுடுங்க. உங்க கால்ல விழறேன்."

அதிகாரி அதிர்ந்துபோய் எழுந்தார். "கல்லைத் தூக்க முடியாத ஒருத்தனைப் படைல சேர்க்கச் சொல்றியா? ஒரு தராதரம் வேண்டாமா? நாளைக்கு எதிரி என்ன நெனைப்பான்?" அவர் கண் உண்மையிலேயே கலங்கியது. தராதரம் என்ற சொல்லை எப்போது சொன்னாலும் அவருக்குக் கண் கலங்கும்.

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது? சாட்சியிடம் சொல்லலாம் என்று தோன்றியது. முந்நூறு பேர் பார்த்தார்களே. அவன் கிடங்குக்கு ஓடினான். சொட்டை அன்று கடைசி நாள் வேலைக்கு வந்திருந்தான். தேர்வன்றே கல்லைத் தூக்கித் தேறிவிட்டவன். தொப்பியும் வாங்கிவிட்டான்.

"டேய், நீ எனக்கு அடுத்துதானே நின்ன? நான் தூக்கினேன்னு வந்து ஒரு வார்த்தை சொல்லுடா."

சொட்டை தொப்பியைக் கழற்றிப் பார்த்தான், திருப்பி மாட்டிக்கொண்டான். "சொல்லலாம். அப்புறம் எத்தனை ராத்தல்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? இருநூத்திப் பத்துன்னா என் தேர்வும் போச்சு. இருநூத்தி அம்பதுன்னா நீ பொய்யன். இதுல எனக்கு எது நல்லதுன்னு நீயே சொல்லு."

"நாம ஒண்ணா பதினஞ்சு வருஷம் மூட்டை தூக்கியிருக்கோம்டா."

"அதுக்காகத்தான் பேசாம இருக்கேன்."

மற்றவர்களும் அப்படித்தான். தேறியவனுக்குத் தேர்வு போய்விடுமோ என்று பயம். தேறாதவனுக்கு, நாற்பது குறைந்த கல்லைக்கூடத் தூக்க முடியாதவன் என்று ஊர் சிரிக்குமே என்று பயம். முந்நூறு பேரில் ஒருவர்கூடத் தேர்வன்று கல் இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவில்லையாம். மூட்டை ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். எல்லாம் தெரிந்த முகங்கள். எதிரி முகம் ஒன்றாவது இருந்தால் திட்டிவிட்டாவது வரலாம். அவனுக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. கிடங்கை விட்டு வெளியே போகையில் கணக்கன் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எடை தப்பா சொல்றவர்னு படையிலிருந்து தாள் வந்திருக்குண்ணே. நாளையிலேர்ந்து உங்க மூட்டைக்கு மட்டும் தராசு வைக்கச் சொல்லிட்டாங்க."

மறுநாள் புதிய சிப்பாய்கள் புறப்பட்டார்கள். தேர்வில்லாமல் தேறியவர்கள் ஆயிரத்துக்கு மேல். காச நோய்க்காரர்கள், கடிக்காத பிரிவு, தூக்கத்தில் நடக்கிற ஒரு பள்ளிக்கூட வாத்தியார். முன்னால் தொப்பியோடு சொட்டை. பதிவேட்டில் தேறியவன் என்பதால் அவனைக் குழுத்தலைவன் ஆக்கியிருந்தார்கள். ஊசி மூன்றாவது வரிசையில் நின்றான். விடியற்காலையில் அவனுக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது. அரை நாழிகை மடியில் வைத்துப் பார்த்தான். கைக்கெட்டுகிற தூரம் என்பதால் நன்றாகப் பார்த்தான்.

மூட்டை கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் நடந்தான். ஊசியின் தோளில் பை, போர்வை, துப்பாக்கி, வெடிமருந்துப் பெட்டி. ஒவ்வோர் அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

முன்னால் போவது சொட்டை என்று மூட்டை சொன்னதும் ஊசி அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டான். "நீங்க எங்கண்ணன் பின்னாடிதானே நின்னீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்கண்ணன் கல்லத் தூக்குனாரா இல்லையா?"

சொட்டை திரும்பாமல் நடந்தான். "எனக்கு ஞாபகமில்லப்பா."

"தூக்குனேன்டா" என்றான் மூட்டை. "அறுபது மூச்சு புடிச்சுக்கிட்டு நின்னேன். உன் புள்ள மேல சத்தியம்."

"அந்த ரேகை யாரோடது அண்ணே?"

"என்னோடதுதான். ஆனா அது..."

"என்னை வளக்கறதுக்கு உன் வாழ்க்கையே போச்சு. உனக்கும் ஒரு நாள் சலிச்சுப்போயிருக்கும்" என்றான் ஊசி. அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மூட்டை பிழைத்துப்போயிருப்பான். "தப்பில்ல. நீ என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாம். நானே போயிருப்பேன். தூக்கிட்டேன்னு எதுக்கு அண்ணே பொய் சொன்ன?"

மூட்டை அந்தத் தாள் விஷயத்தைச் சொல்லப் போனான். அதற்குள் பாலம் வந்துவிட்டது. அதற்கு மேல் உறவினர்களுக்கு அனுமதி இல்லை. ஊசியின் தோளிலிருந்து பை நழுவி விழுந்தது. மூட்டை பாய்ந்து குனிந்து அதன் வாரைப் பிடித்தான்.

"பாலம் தாண்டுற வரைக்குமாவது நான் தூக்கிட்டு வர்றேன்டா. குடு."

"விடு" என்றான் ஊசி, பையை அவன் கையிலிருந்து இழுத்துக்கொண்டு. "உன்னால முடியாதுன்னுதானே நான் போறேன்."